வாடகை கட்டினால் வீடு சொந்தமாகுமா? 'லீஸ் டு ஓன்' பற்றி ஒரு விளக்கம்

என் சித்தப்பா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு தாள்களோடு வீட்டுக்கு வந்தான். "அண்ணே, தாம்பரம் பக்கம் வீடு ஒண்ணு லீஸுக்கு எடுத்திருக்கேன். மாசா மாசம் கொஞ்சம் கூடக் கட்டணும். ஆனா அஞ்சு வருஷத்துல நமக்கே எழுதிக் கொடுத்துடுவாங்க" என்றான். முகமெல்லாம் சந்தோஷம்.

வாங்கிப் படித்தேன். முதல் தாள் முத்திரைத்தாள், அடுத்தது பச்சைத் தாள். தலைப்பு, 'வாடகை ஒப்பந்தப் பத்திரம்'. காலம் 11 மாதம். முன்பணம் 6 லட்சம். மாத வாடகை 18,000. அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு 12,000தான் என்று அவனே சொன்னான். ஐந்து வருடம் என்ற பேச்சு, கிரயம், விலை எதுவும் அந்த இரண்டு பக்கத்திலும் இல்லை. இரண்டாம் தாளின் ஓரத்தில் மட்டும் நீல மையில், கையால் எழுதிய ஒரு வரி: 'பிற்காலத்தில் வீட்டை விற்கும் பட்சத்தில் இவருக்கே முன்னுரிமை.' அந்த வரிக்குப் பக்கத்தில் யாருடைய கையெழுத்தும் இல்லை.

மாதம் 6,000 கூடுதல் என்றால் 60 மாதத்துக்கு 3,60,000. முன்பணத்தையும் சேர்த்தால் 9,60,000. அவ்வளவு பணத்துக்கும் ஆதாரம் அந்த ஒரு வரி.

அவன் படித்தவன், நல்ல வேலையில் இருப்பவன். ஏமாளி இல்லை. 'லீஸ்' என்ற சொல்லை நம் ஊரில் நாலு விதமான ஏற்பாட்டுக்குப் பயன்படுத்துகிறோம். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: நான் கொடுக்கும் இந்த ரூபாய் எதை வாங்குகிறது?

முதலில் 'லீஸ் வீடு' என்ன என்று பார்ப்போம்

சென்னையில் 'டூ லெட்' பலகையில் 'லீஸ் மட்டும்' என்று எழுதியிருந்தால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். எட்டோ பத்தோ லட்சத்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் மாத வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். உங்கள் பணத்துக்கான வட்டியும் அவர் வீட்டுக்கான வாடகையும் ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது என்பது கணக்கு. தென்கொரியாவிலும் இதே போன்ற ஏற்பாடு பரவலாக உண்டு. அங்கே அதற்கு ஜொன்செ என்று பெயர்.

நம் ஊர்ப் பெரியவர்கள் இதை லீஸ் என்று சொல்லவில்லை. ஒத்தி என்றார்கள், போக்கியம் என்றார்கள். அந்தப் பழைய சொல்லிலேயே உண்மை இருக்கிறது. ஒத்தி என்பது அடமானம். வீட்டுக்காரர் உங்களிடம் கடன் வாங்குகிறார், கடனுக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கக் கொடுக்கிறார். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதை அடமான வகைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. கடன் திரும்பியதும் வீடு அவருக்கு. 'குறித்த நாளில் பணம் தராவிட்டால் வீடு உனக்கே' என்று ஒத்திப் பத்திரத்தில் எழுதி வாங்கினாலும் அந்த வரி நீதிமன்றத்தில் நிற்காது. அடமானம் வைத்தவருக்கு அதை மீட்கும் உரிமை எப்போதும் உண்டு.

ஆகவே லீஸ் வீட்டில் பத்து வருடம் இருந்தாலும் ஒரு செங்கல்கூட உங்களுடையது ஆகாது. அது குறை இல்லை, அந்த ஏற்பாட்டின் இயல்பே அதுதான். அங்கே உங்கள் ரூபாய் எதையும் வாங்கவில்லை, கடனாகப் போயிருக்கிறது.

மூன்று ஆட்டோக்கள்

சரி, குடியிருந்தபடியே வீட்டை வாங்குவது என்றால் என்ன? அதற்கு முன் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் வரலாம்.

ஒரே ஸ்டாண்டில் மூன்று ஆட்டோ நிற்கிறது. முதல் ஓட்டுநர் தினவாடகைக்கு ஓட்டுகிறார். காலையில் வண்டியை எடுக்கிறார், இரவு வாடகையைக் கொடுத்து வண்டியை விடுகிறார். இருபது வருடம் ஓட்டினாலும் வண்டி முதலாளியுடையது.

இரண்டாமவர் ஃபைனான்ஸில் வண்டி எடுத்தவர். ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் அதிலேயே ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரும் ஏறியிருக்கிறது. கடைசித் தவணை கட்டியதும் கம்பெனி தடையில்லாச் சான்றும் 35ஆம் எண் படிவமும் தரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தால் கம்பெனி பெயர் நீங்கும். முதல் நாளிலிருந்தே அவர்தான் உரிமையாளர், மேலே ஒரு கடன் இருக்கிறது, அவ்வளவுதான். வங்கிக் கடனில் வாங்கும் வீடும் இப்படித்தான்.

மூன்றாமவரிடம் முதலாளி ஒரு பேச்சு பேசியிருக்கிறார். "மத்தவங்க தினம் 400 தர்றாங்க. நீ 500 குடு. மூணு வருஷம் கழிச்சு ஒரு தொகை குடுத்துட்டு வண்டியை நீயே எடுத்துக்கோ." ஓட்டுநருக்கு வண்டி மேல் பாசம் வந்துவிடுகிறது. தன் காசில் சீட் உறை மாற்றுகிறார், கண்ணாடியில் மகள் பெயரை எழுதுகிறார். ஆனால் அந்த மூன்று வருடமும் ஆர்.சி.யில் இருப்பது முதலாளியின் பெயர். முதலாளி தன் தவணையைக் கட்டாமல் விட்டால், சிக்னலில் வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்குகிறவர்களிடம் மகள் பெயரைக் காட்டிப் பயனில்லை.

'லீஸ் டு ஓன்' என்பது இந்த மூன்றாவது ஆட்டோ. 'ரெண்ட் டு ஓன்' என்று சொல்வதும் இதைத்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: வாடகை பயன்பாட்டை வாங்குகிறது. ஒத்திப் பணம் கடனாகப் போய்த் திரும்பி வருகிறது. வங்கிக் கடன் முதல் நாளே உரிமையை வாங்கித் தருகிறது. குடியிருந்தபடியே வாங்கும் ஏற்பாட்டில் உரிமை கடைசி நாளில்தான் கைமாறும். அதுவரை நீங்கள் வாடகைதாரர், கையில் ஒரு வாக்குறுதி உள்ள வாடகைதாரர்.

உள்ளே எப்படி வேலை செய்கிறது?

இந்த ஏற்பாடு தனி வியாபாரமாகவே வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கிருந்து பார்த்தால் பாகங்கள் தெளிவாகத் தெரியும்.

அங்கே வீட்டுக் கடன் வாங்க வேண்டும் என்றால் கிரெடிட் ஸ்கோர் வேண்டும். கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்குக் கொடுக்கும் மதிப்பெண் அது. வழக்கமான வீட்டுக் கடனுக்குப் பெரும்பாலும் குறைந்தது 620 எதிர்பார்ப்பார்கள். அரசுக் காப்பீட்டோடு வரும் கடனுக்கு 580 இருந்தால் விலையில் மூன்றரை சதவீதத்தை மட்டும் கையிலிருந்து போட்டால் போதும். அதுவும் இல்லாதவர்கள் நிறையப் பேர். சொந்தத் தொழில் செய்து வருமானம் ஏறி இறங்குகிறவர்கள், ஒரு முறை கடனில் விழுந்து எழுந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே கடன் வரலாறே இல்லாதவர்கள். புதிதாகப் போய் இறங்கும் நம் ஆட்களுக்கும் இந்த நிலைமை உண்டு. நல்ல சம்பளம் இருக்கும், ஸ்கோர் இருக்காது.

அவர்களிடம் வீட்டுக்காரர் சொல்கிறார்: மூன்று வருடம் வாடகைக்கு இரு, அதற்குள் ஸ்கோரைச் சரி செய், பிறகு வங்கிக் கடன் வாங்கி இதே வீட்டை இன்று பேசிய விலைக்கு வாங்கிக்கொள்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. வீட்டின் விலை 3,00,000 டாலர் என்று இன்றே முடிவு செய்கிறார்கள். இது முன்விலை. மூன்று வருடம் கழித்து ஊரில் விலை என்னவானாலும் இதே விலைதான்.

நுழையும்போது 3 சதவீதம், அதாவது 9,000 டாலர் கொடுக்க வேண்டும். இது உரிமைக் கட்டணம். 'இந்தக் காலத்துக்குள் வேறு யாருக்கும் விற்க மாட்டேன், நீ கேட்டால் உனக்கு விற்பேன்' என்ற வாக்குக்குக் கொடுக்கும் விலை. இது நம் ஊர் அட்வான்ஸ் போல் காலி செய்யும்போது திரும்பி வராது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

அக்கம்பக்கத்தில் வாடகை 2,000 டாலர். இவர் கட்டுவது 2,300. கூடுதலான 300 டாலரை வீட்டுக்காரர் விலையில் கழித்துக்கொள்கிறார். இது வாடகை வரவு. 36 மாதத்துக்கு 10,800 டாலர். உரிமைக் கட்டணத்தையும் விலையில் கழிப்பதாகப் பேசியிருந்தால் மொத்தம் 19,800. ஆக மூன்று வருட முடிவில் 2,80,200 டாலருக்கு வங்கிக் கடன் கிடைத்தால் வீடு கைக்கு வரும்.

கடன் கிடைக்கவில்லை என்றால்? 19,800 டாலரும் போய்விடும். வீட்டுக்காரர் மோசடி செய்ததால் போகவில்லை, ஒப்பந்தமே அப்படி. மாதம் 300 கூடுதலாகக் கொடுத்தபோது அவர் வீட்டில் ஒரு துண்டை வாங்கவில்லை. வாங்கினால் கிடைக்கக்கூடிய தள்ளுபடியைச் சேர்த்துக்கொண்டிருந்தார். வாங்காவிட்டால் தள்ளுபடிக்கு அர்த்தமில்லை.

அந்த ஒரு இடத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'வாடகையே தவணையாக மாறும்' என்று விளம்பரத்தில் வரும் வாசகம் சொல்லாமல் விடுவது இதைத்தான். தவணை கட்டினால் கடன் குறையும். வாடகை வரவு எந்தக் கடனையும் குறைப்பதில்லை, ஏனென்றால் இன்னும் கடனே தொடங்கவில்லை.

வாங்கலாம், வாங்கியே ஆக வேண்டும், முன்னுரிமை

இதே ஏற்பாட்டுக்குள் மூன்று வகை வாக்குறுதிகள் இருக்கின்றன. ஒரு சொல் மாறினால் பொருளே மாறிவிடும்.

முதல் வகையில் வாடகைதாரர் விரும்பினால் வாங்கலாம், விரும்பாவிட்டால் விட்டுவிட்டுப் போகலாம். வீட்டுக்காரர் மட்டும் கட்டுப்பட்டவர். மேலே சொன்ன கணக்கு இந்த வகை.

இரண்டாம் வகையில் இருவருமே கட்டுப்பட்டவர்கள். காலம் முடிந்ததும் வாடகைதாரர் வாங்கியே ஆக வேண்டும். வாங்க முடியாமல் போனால் கொடுத்த பணம் போவதோடு நிற்காது, ஒப்பந்தத்தை மீறியதாக நஷ்டஈடும் கேட்கலாம். வேலை போகலாம், உடம்பு சரியில்லாமல் போகலாம், அடுத்த மூன்று வருடத்தில் என்ன நடக்கும் என்று தெரியாத ஒரு குடும்பம் இதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மிகவும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, முன்னுரிமை. வீட்டுக்காரர் விற்க முடிவெடுத்தால் முதலில் உங்களிடம் கேட்பார். முடிவெடுக்காவிட்டால் கேட்க மாட்டார். என்ன விலைக்கு என்று பேச்சே இல்லை. என் தம்பியின் தாளில் நீல மையில் இருந்தது இதுதான். ஐந்து வருடத்தில் எழுதிக் கொடுப்பார் என்று அவன் நம்பியது முதல் வகை, தாளில் இருந்தது மூன்றாம் வகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வீட்டின் விலை அளவுக்குத் தூரம்.

வாடகைக்கு விடுகிறவர் பக்கம்

வீட்டுக்காரரை எல்லாம் வில்லனாகப் பார்க்க வேண்டியதில்லை. அவருக்கும் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. சந்தை வாடகையைவிடக் கொஞ்சம் அதிகம் கிடைக்கிறது. 'நாளைக்கு நம்ம வீடு' என்று நினைக்கிறவர் சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசிப்பார், குழாய் ஒழுகினால் அன்றே சரி செய்வார். தரகர் கமிஷன் இல்லாமல் வாங்குபவர் கைக்குள்ளேயே இருக்கிறார்.

அவருக்கு இழப்பும் உண்டு. முன்விலை பேசியபின் அந்தப் பகுதியில் மெட்ரோ வருகிறது, விலை இரட்டிப்பாகிறது என்று வையுங்கள். பேசிய விலைக்கே கொடுத்தாக வேண்டும். விலை இறங்கினால் வாடகைதாரர் வாங்காமல் போய்விடுவார். ஏறினால் லாபம் அவருக்கு, இறங்கினால் நஷ்டம் எனக்கு என்பதுதான் வீட்டுக்காரரின் நிலை. அதற்கு ஈடாகத்தான் உரிமைக் கட்டணம் வாங்குகிறார். அப்படிப் பார்த்தால் அந்தக் கட்டணம் நியாயமானதே. வாடகைதாரருக்கு வாங்கும் வாய்ப்பு உண்மையிலேயே இருந்தால்தான் நியாயம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடன் கிடைக்க வழியே இல்லாத ஒருவரைத் தெரிந்தே உள்ளே இழுத்து, மூன்று வருடக் கூடுதல் வாடகையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பி, அடுத்தவரை அதே வீட்டில் உட்கார வைப்பது வேறு தொழில்.

சிகாகோவில் நடந்தது

அந்தத் தொழில் ஒரு நகரத்தில் ஒரு சமூகத்தையே சுரண்டியது. 1950களிலும் 60களிலும் சிகாகோவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு வங்கிகள் வீட்டுக் கடன் தரவில்லை. அரசின் கடன் காப்பீடும் அந்தப் பகுதிகளை ஒதுக்கி வைத்திருந்தது. ரயில்வேயிலும் தொழிற்சாலையிலும் நிரந்தர வேலையில் இருந்தவர்களுக்குக்கூடக் கடன் கிடையாது.

அந்த இடைவெளியில் தரகர்கள் புகுந்தார்கள். வெள்ளையர்களிடமிருந்து குறைந்த விலைக்கு வீட்டை வாங்கி, பல சமயம் அதைப்போல் இரண்டு மடங்கு விலைக்குக் கறுப்பினக் குடும்பங்களுக்குத் தவணைக் கிரயத்தில் கொடுத்தார்கள். தவணைக் கிரயம் என்றால், வாங்குபவர் விலையைத் தவணையாக விற்பவரிடமே நேராகக் கட்டுவது. கடைசித் தவணை வரை பத்திரம் விற்பவரிடமே இருக்கும். வீட்டைப் பழுது பார்ப்பது, வரி கட்டுவது எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் ஒரு மாதம் தவறினால் வீட்டைவிட்டு வெளியேற்றலாம், அதுவரை கட்டியது எதுவும் திரும்பாது. உரிமையாளரின் செலவு முழுதும், வாடகைதாரரின் பாதுகாப்புகூட இல்லாத நிலை.

1968இல் லான்டேல் பகுதி மக்கள் ஒப்பந்த வீடு வாங்கியோர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தவணை கட்டுவதை நிறுத்திப் போராடினார்கள். சிலரைப் போலீஸ் வந்து வெளியேற்றியது. அக்கம்பக்கத்தார் சாமான்களை மறுபடி உள்ளே தூக்கி வைத்தார்கள். நீதிமன்ற வழக்கில் தோற்றாலும், பல குடும்பங்கள் விலையைக் குறைத்து ஒப்பந்தத்தை மாற்றி எழுத வைத்தன.

பிற்காலத்தில் சில மாநிலங்கள் சட்டம் போட்டன. டெக்சாஸில் வாடகையோடு சேர்ந்த வாங்கும் உரிமை 180 நாளுக்கு மேல் நீண்டால் அதையும் தவணைக் கிரயமாகவே கருதுகிறார்கள். நேரடித் தவணைக் கிரயத்தில், எவ்வளவு கட்டியாயிற்று, இன்னும் எவ்வளவு பாக்கி என்று விற்பவர் ஒவ்வொரு ஜனவரியிலும் எழுத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும். கணக்கு கேட்கும் உரிமைகூடச் சட்டம் போட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

சுருக்கமாக: இந்த ஏற்பாட்டில் பணம் முன்னால் போகிறது, பத்திரம் பின்னால் வருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் நீளநீள ஆபத்து குடியிருப்பவர் தலையில்தான் ஏறும்.

நம் ஊரில் இதற்குப் பெயர் என்ன?

தமிழ்நாட்டில் இதை அரசே பல வருடங்களாகச் செய்திருக்கிறது. 1961இல் தொடங்கிய தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம், தவணை முறைத் திட்டத்தில் வீடு ஒதுக்கியது. ஒதுக்கீட்டு ஆணை வாங்கி, முன்தொகை கட்டி, மாதாமாதம் தவணை கட்டி வாழலாம். முழுத் தொகையும் கட்டி முடித்த பிறகு வாரியம் கிரயப் பத்திரம் எழுதித் தரும். குடிசை மாற்று வாரியமாக இருந்து 2021இல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளிலும் இந்த வழக்கம் உண்டு. நடுத்தர, ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்த வீடு வந்த வழி இது. வட்டி கட்ட முடியாமல் நின்றவர்களுக்கு அரசு வட்டிச் சலுகையும் அறிவித்திருக்கிறது.

ஆனால் அங்கேகூட நம் கேள்வி பொருந்தும். தவணையெல்லாம் கட்டி முடித்த பிறகு கிரயப் பத்திரம் வாங்காமலே விட்டவர்கள் உண்டு. ஒதுக்கீட்டு ஆணையும் ரசீதுக் கட்டும் பீரோவில் இருக்கும், அப்பா காலமாகியிருப்பார், பிள்ளைகள் விற்கப் போகும்போதுதான் வீடு இன்னும் வாரியத்தின் பெயரிலேயே இருப்பது தெரியவரும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு ரசீதுக் கட்டு இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

தனியாரோடு செய்வதற்கு வருவோம். நம் சட்டத்தில் 'லீஸ் டு ஓன்' என்று தனியாக ஒன்று கிடையாது. இரண்டு ஒப்பந்தங்களைச் சேர்த்துத்தான் அதைக் கட்ட வேண்டும். ஒன்று வாடகை ஒப்பந்தம், மற்றது கிரய உடன்படிக்கை. கிரய உடன்படிக்கை என்றால் 'இந்த வீட்டை, இந்த விலைக்கு, இந்தத் தேதிக்குள் விற்கிறேன், வாங்குகிறேன்' என்று இருவரும் எழுதிக்கொள்வது. பேச்சுவழக்கில் அக்ரிமெண்ட் போடுவது என்கிறோமே, அது.

வாடகை ஒப்பந்தம் ஏன் எப்போதும் 11 மாதம்? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் 11. இந்தப் பழக்கத்தால் ஐந்து வருட ஏற்பாடுகூட 11 மாதத் தாளில் ஏறி, மீதி வாய்ப்பேச்சாக நின்றுவிடுகிறது.

கிரய உடன்படிக்கை போட்டாலே வீடு உங்களுடையது ஆகிவிடாது. சொத்து மாற்றுச் சட்டம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது: விற்பதாகச் செய்யும் ஒப்பந்தம் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. கிரயப் பத்திரம் எழுதிப் பதிந்த அன்றுதான் உரிமை மாறும். அப்படியென்றால் உடன்படிக்கை எதற்கு? வீட்டுக்காரர் பின்வாங்கினால் 'பேசியபடி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்' என்று நீதிமன்றம் போக அதுதான் கையில் இருக்கும் ஆயுதம். அதற்கும் காலக்கெடு உண்டு, கிரயத்துக்குக் குறித்த தேதியிலிருந்து மூன்று வருடம். அதோடு, பணத்தோடு எப்போதும் தயாராக இருந்தேன் என்று வாங்குபவர் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய உடன்படிக்கையைப் பதிவது கட்டாயம். பதியாத உடன்படிக்கையையும் இத்தகைய வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் நம் மாநில வழக்கு ஒன்றில் சொன்னது. அதை நம்பிப் பதியாமல் விடாதீர்கள். பதிந்தால் வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு ஏறும். வில்லங்கச் சான்று என்பது ஒரு சொத்தின் மேல் இதுவரை நடந்த பதிவுகளின் பட்டியல். அடுத்து அந்த வீட்டை வாங்கவோ அடமானம் பிடிக்கவோ வருகிறவர் உங்கள் பெயரை அங்கே பார்ப்பார். ஆட்டோவின் ஆர்.சி.யில் உங்கள் பெயருக்கு ஓர் இடம் பிடிப்பது போல.

எங்கே கவனிக்க வேண்டும்

மற்றதெல்லாம் வக்கீலிடம் விடலாம், வங்கி விஷயத்தை மட்டும் நீங்களே பார்த்துவிடுங்கள். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் இருக்கிறதா? நீங்கள் மாதம் தவறாமல் வீட்டுக்காரரிடம் கட்டுவீர்கள், அவர் வங்கிக்குக் கட்டாமல் இருப்பார். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி நோட்டீஸ் கொடுத்து, வழக்கு நடத்தாமலே வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். ஒரு நாள் காலையில் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்துத்தான் குடியிருப்பவருக்கே தெரியும். அடமானத்துக்குப் பின்னால் வந்த பதியாத தாளை வைத்துக்கொண்டு வங்கியை நிறுத்துவது மிகவும் கடினம். முப்பது வருட வில்லங்கம் எடுங்கள், மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். அசல் வங்கியில் இருக்கிறது என்றால் மீதிக் கடன் எவ்வளவு, யார் எப்போது கட்டுவது என்பது ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

அடுத்து, கடைசி நாளுக்கான பணம். வீடு 50 லட்சம் என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி அதிகபட்சம் வீட்டு மதிப்பில் 80 சதவீதம் தரலாம், அதாவது 40 லட்சம். மீதி 10 லட்சம் உங்கள் கையிலிருந்து. அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பும் அதே 50 லட்சம் என்றால் 7 சதவீத முத்திரைத்தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் என்று இன்னொரு நாலரை லட்சம். வாடகை வரவு என்று பேசியதை வங்கி ஏற்க வேண்டுமென்றால் அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், பணம் வங்கிக் கணக்கு வழியாகப் போயிருக்க வேண்டும். சொத்துக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடை செய்திருக்கிறது. 'கேஷா குடுத்துடுங்க' என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

வீட்டுக்காரர் நடுவில் இறந்தால் என்ன என்பதையும் தயங்காமல் பேசுங்கள். வாரிசுகள் எத்தனை பேர், அவர்களையும் கட்டுப்படுத்துமா என்று எழுத வேண்டும். பவர் பத்திரம் கொடுத்திருக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்பார்கள். பொதுவாக, கொடுத்தவர் இறந்தால் அந்தப் பவரும் அதோடு முடிந்தது.

நீல மை வரி

தம்பியோடு அன்றே உட்கார்ந்து ஒரு தாளில் நான்கு வரி எழுதினோம். விலை எவ்வளவு? எந்தத் தேதிக்குள்? மாதம் 6,000 விலையில் கழியுமா? வாங்க முடியாமல் போனால் 6 லட்சம் திரும்புமா? மறுவாரம் வீட்டுக்காரரைப் பார்க்க நானும் கூடப் போனேன். வயதானவர், மரியாதையாக நடத்தினார், காபி கொடுத்தார். நான்காவது கேள்விக்கு உடனே "திரும்பும்" என்றார். முதல் கேள்விக்கு, "அதெல்லாம் அப்ப இருக்கிற மார்க்கெட் ரேட் பார்த்துக்கலாம் தம்பி" என்றார்.

அப்படியென்றால் அவர் விற்பதாக வாக்கே கொடுக்கவில்லை. 6,000 எதையும் வாங்கவில்லை. இதை அவரிடமே பணிவாகச் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தார். மகனோடு பேச வேண்டும் என்றார். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு, வீட்டை விற்பதில் மகனுக்கு விருப்பம் இல்லை, வேண்டுமானால் சாதாரண வாடகைக்கே இருக்கட்டும் என்றார்.

பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். வாடகை 12,000, முன்பணத்தில் ஐந்து லட்சத்து முப்பதாயிரம் தம்பியின் கணக்குக்குத் திரும்பி வந்தது. அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறான். மாதம் மிச்சமாகும் 6,000 அவன் பெயரில் அஞ்சலகத் தொடர் வைப்பில் ஏறிக்கொண்டிருக்கிறது.